பின்னால் வருகிறவர்களுக்கு

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்கு முன் கண்ணாடி தெரிந்தால் போதும். அதற்காகத்தான் பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற இந்த சீட்டைப் பிடிப்பேன். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். பக்கவாட்டில் ஓடுகிற புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு வர எனக்குத் தெரியாது.

பழைய கார் ஒன்று பார்த்து முடித்துவிட்டதாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. நல்லது. ஒன்று கேட்கட்டுமா? பின் கண்ணாடியில் என்ன எழுதப்போகிறீர்கள்?

சிரிக்கிறீர்கள். எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். பிறகு ஸ்டிக்கர் கடையில் போய் நின்று அரைநாள் யோசிப்பார்கள். என்ன எழுதினாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். முன் கண்ணாடியில் எழுதுவது சாமிக்கும் போலீஸுக்கும். பின் கண்ணாடியில் எழுதுவதுதான் நமக்கு. பின்னால் வருகிறவர்களுக்கு.

அதோ அந்தச் சிவப்பு வண்டியைப் பாருங்கள். 'அப்பாவின் வியர்வை.' அப்பா வாங்கித் தந்திருக்கிறார், ஓட்டுகிற பையன் இன்னும் வேலைக்குப் போகவில்லை. திண்டுக்கல்லில் ஒரு வண்டி பார்த்தேன், 'இது மாமனார் பரிசு அல்ல' என்று எழுதியிருந்தது. அப்படி எழுதினாலே அது மாமனார் பரிசுதான். சிவப்புக் கூட்டல் குறி போட்டிருக்கிற வண்டியில் பாதி டாக்டருடைய வண்டி, மீதி டாக்டருடைய மச்சான் வண்டி. எல் போர்டு போட்டவன் பின்னால் போனால் பொறுமையாகப் போக வேண்டும். போட வேண்டியவன் போடாமல் போனால் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு போக வேண்டும். 'குழந்தை உள்ளே இருக்கிறது' என்று மஞ்சளாக ஒட்டியிருந்தால் நான் ஹாரன் அடிக்கவே மாட்டேன். தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது பாருங்கள்.

நம்பர் பிளேட் ஓரத்தில் சிலபேர் நிறப் பட்டை ஒட்டியிருப்பார்கள். கண்ணாடியில் வாள் இருக்கும், சிங்கம் இருக்கும். அதையும் படிப்பேன். எந்த ஆட்கள், எந்தப் பக்கத்துக்காரர்கள், எல்லாம் சொல்லிவிடுவேன். அந்த வண்டியை முந்தும்போது கொஞ்சம் பார்த்து முந்த வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அந்த வேற்றுமையெல்லாம் கிடையாது. யார் சரக்கு கொடுத்தாலும் ஏற்றுவேன். யார் கடையிலும் டீ குடிப்பேன்.

என் பெயர் குபேந்திரன். கம்பத்துப் பக்கம். குட்டியானை வண்டி வைத்திருக்கிறேன், வாழைத்தார் ஏற்றி இந்தப் பக்கமெல்லாம் வருவேன். இன்றைக்கு லோடு இல்லை. கோர்ட்டுக்குப் போகிறேன். பயப்படாதீர்கள், குற்றவாளி இல்லை. சாட்சி. கண்ணால் பார்த்ததற்கு ஒரு சாட்சி, காதால் கேட்டதற்கு ஒரு சாட்சி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் படித்ததற்குச் சாட்சி. இப்படி ஒரு கொடுமை உலகத்தில் யாருக்காவது நடந்திருக்குமா? நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு ஒரே அக்கா, வேலுத்தாய். அக்காவைக் கட்டியவர் அய்யணன். எனக்கு மச்சான். ஊருக்குள் நாலு பேர் எழுந்து நிற்கிற மாதிரி ஆள். அவர்களுக்கு ஒரு பையன், ஒரு பெண். பையன் யுகேந்திரன். பெண் நாகஜோதி.

நாகஜோதி என் வண்டியில் வளர்ந்தவள் தம்பி. எனக்குப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அ, ஆ எல்லாம் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவள் முழு வாக்கியம் படித்தது என் வண்டியில்தான். முன்னால் போகிற வண்டியில் எழுதியிருக்கிறதை யார் முதலில் படிக்கிறோம் என்று போட்டி. முதலில் 'ஒலி எழுப்புக.' பிறகு 'முந்து, ஆனால் முட்டாதே.' ஏழு வயதில் என்னைத் தோற்கடித்துவிட்டாள்.

ஒருநாள் கேட்டாள். "மாமா, இதெல்லாம் யாருக்கு எழுதியிருக்காங்க?"

"பின்னாடி வர்றவங்களுக்கு."

"அவங்களுக்கு நம்மளத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதவங்களுக்குப் போய் யாராச்சும் எழுதுவாங்களா?"

சிரித்துவிட்டேன்.

என் வண்டியின் நெற்றியில் 'சோலைக்கன்னி துணை' என்று இருக்கும். சோலைக்கன்னி எங்கள் குலசாமி. கோயில்கூடக் கிடையாது. மலையடிவாரத்தில் ஒரு மாமரம், அடியில் ஒரு கல், அவ்வளவுதான். எங்கள் பங்காளிகள் பத்து வீட்டைத் தவிர அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அதை ஸ்டிக்கர் வெட்டும்போது இவளும் கூட இருந்தாள். "கடைசி எழுத்துக்குக் கீழ ஒரு பூ வைக்கச் சொல்லு மாமா" என்றாள். அஞ்சு இதழ் பூ. கடைக்காரர், "சாமி பேருக்குக் கீழ பூவா பாப்பா, தலைக்கு மேலதான வைப்பாங்க" என்று கேலி செய்தார். "கால்ல போட்ட பூ" என்றாள். அந்த வாய்க்காகவே வைத்தேன்.

அவள் வளர்ந்து மில் வேலைக்குப் போனாள். மில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த பையன் மதிவாணன். அவனோடு போய்விட்டாள். நம் ஆட்கள் இல்லை. அதை விடுங்கள், எனக்கு அது பெரிதில்லை என்று முன்னமே சொன்னேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

தேடாத இடம் இல்லை. மச்சான் படுத்த படுக்கையாகிவிட்டார். முகச்சவரம் கிடையாது, கடைவீதிப் பக்கம் வருவது கிடையாது. யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். என்னோடு சுத்தமாகப் பேச்சை நிறுத்திவிட்டார். "உன் வண்டியில சுத்தித்தான் அது ஊர் ரோடெல்லாம் தெரிஞ்சுக்கிருச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்கள். நான் போட்டது வாழைத்தார் லோடு. ஓடிப்போக வழியா சொல்லிக்கொடுத்தேன்?

இப்படியே இரண்டு வருஷம் போய்விட்டது. ஒருநாள் காங்கேயத்துக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இதே ரோட்டில் வந்தேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில் பாலம் வேலை. வண்டிகளை மறித்து ஒரு பக்கமாக விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் வெள்ளை நிறக் கார் ஒன்று. மஞ்சள் போர்டு, வாடகை வண்டி. பின் கண்ணாடியைப் பார்க்கிறேன்.

'சோலைக்கன்னி துணை.'

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி படித்தேன். சோலைக்கன்னி துணை. கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு பூ. எண்ணிப் பார்த்தேன், அஞ்சு இதழ்.

பின்னால் இருந்தவன் ஹாரன் அடிக்கிறான், திட்டுகிறான். எனக்குக் கேட்கவில்லை. அந்த வண்டி பின்னாலேயே போனேன். அரிசி மில் தாண்டி, கொப்பரை காயப்போடுகிற களம் தாண்டி, இடது பக்கம் ஒரு தெருவில் திரும்பியது. தெரு முனையில் நிறுத்திக்கொண்டு பார்த்தேன். ஓட்டு வீடு. கார் வாசலில் நின்றது. இறங்கினவன் மதிவாணன்தான், கொஞ்சம் சதை போட்டிருந்தான். கொடியில் துணி காய்ந்தது. சின்னச் சட்டை, உள்ளங்கை அகலம்தான் இருக்கும், மூன்று நாலு. அவ்வளவுதான் பார்த்தேன். உள்ளே போகவில்லை. வண்டியில் தார் இருந்தது, வெயிலில் நின்றால் பழுத்துக் கொட்டிவிடும்.

யாரிடமும் சொல்லவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு மாசம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று வீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டே திரிந்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

பிறகு எங்கள் பங்காளி வீட்டில் ஒரு காதுகுத்து வந்தது. கிடா வெட்டு. மச்சானைச் சொந்தக்காரர்கள் நாலு பேர் போய்க் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பந்தியில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு வாயாடி, சும்மா இருக்கக் கூடாதா, "குபேந்திரா, வாசல்ல புதுசா ஒரு கார் நிக்கிது, பின்னாடி என்னமோ எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மச்சான் தலையை நிமிர்த்தினார். "ஊருல ஓடுற வண்டிக்குப் பின்னாடியெல்லாம் படிப்பானாம். எங்க வீட்டு மானம் எந்த வண்டியில ஏறிப் போச்சுன்னு மட்டும் இவனுக்குப் படிக்கத் தெரியல."

பந்தியே சிரித்தது தம்பி. சாம்பார் வாளியோடு நின்றவன்கூடச் சிரித்தான். சின்னப் பிள்ளைகள் சிரித்தன. முப்பது வருஷம் ரோட்டைப் படித்தவன் நான். எனக்குப் படிக்கத் தெரியவில்லையாம்.

"படிச்சுட்டேன் மச்சான்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. பிசைந்த சோறு அவர் கையிலேயே இருந்தது. என்னைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"எங்க இருக்கா மாப்ள?" என்றார்.

மாப்ள என்றார் தம்பி. எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார். பக்கத்து ஆளை நகரச் சொல்லி எனக்கு இலை போடச் சொன்னார். தன் கையால் கறி எடுத்து என் இலையில் வைத்தார். "சாப்டு மாப்ள, சாப்டுட்டுச் சொல்லு." அந்த மரியாதையை எங்கள் ஊரே பார்த்தது.

சொன்னேன். பாலம் வேலை, அரிசி மில், கொப்பரைக் களம், இடது பக்கத் தெரு. எப்படிக் கண்டுபிடித்தேன் என்று விவரமாகச் சொன்னேன். சாமி பெயர், பூ, அஞ்சு இதழ். சுற்றி இருந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். "கொழந்த இருக்கா?" என்று மச்சான் கேட்டார். "கொடியில சின்னச் சட்டை காஞ்சுச்சு" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் கண்ணால் பார்த்தேன். பேரப்பிள்ளை என்றதும் கலங்காத கண் உண்டா? யுகேந்திரன் மட்டும், "வண்டி நம்பர் என்ன மாமா?" என்று கேட்டான். "அந்தக் கண்ணாடி ஒண்ணு போதாதாடா, நம்பர் எதுக்கு?" என்றேன். கேட்டதற்காக அதையும் சொன்னேன். எனக்கு நம்பர் மறக்காது.

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதிரசம் சுட்டாள். ஒரு தூக்குவாளி நிறைய. சின்னதாக வெள்ளிக் கொலுசு ஒன்றும் எடுத்து மடியில் முடிந்துவைத்திருந்தாள். "நானும் வர்றேன்" என்றாள். "மொதல்ல நாங்க போய்ப் பேசி, நல்ல விதமா கூட்டிட்டு வர்றோம்" என்று மச்சான் சொல்லிவிட்டார்.

அப்பனும் மகனும் புறப்பட்டபோது நானும் போய் நின்றேன். யாருடைய காரையோ வாங்கி வந்திருந்தார்கள். அதன் பின் கண்ணாடியில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'பொறுமை கடலினும் பெரிது.' அதைப் படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். "நானும் வரட்டா மச்சான், வழி காட்ட?" என்று கேட்டேன். யுகேந்திரன், "வேணாம் மாமா, ஒங்களுக்கு லோடு இருக்கும்" என்றான். அன்றைக்கு எனக்கு லோடு இல்லை. இருந்தாலும் சரி என்றுவிட்டேன்.

பின் சீட்டில் சாக்குச் சுற்றி நீளமாக ஒன்று கிடந்தது. அதைப் பார்க்கவில்லையா என்று போலீஸில் கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினார்கள். பார்த்தேன். தார் வெட்டுகிற அரிவாள் எங்கள் பக்கத்தில் எல்லார் வண்டியிலும் கிடக்கும். என் வண்டியிலும் கிடக்கிறது. அதைப் பார்த்து ஒருவன் என்ன நினைக்க முடியும்?

அவர்கள் வீட்டுக்கே போகவில்லை தம்பி. கொப்பரைக் களத்துப் பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அந்த ரோட்டில் வெள்ளைக் காருக்குக் குறைச்சல் இல்லை, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு வண்டி போகும்போதும் பின் கண்ணாடியைப் படித்திருக்கிறார்கள். மதியம், சவாரி இறக்கிவிட்டு மதிவாணன் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறான். தனியாகத்தான் வந்தான். பின்னாலேயே போய், தெருவுக்குள் திரும்புவதற்கு முன்னால் மறித்துவிட்டார்கள்.

நான் பார்க்கவில்லை. பேப்பரில்தான் படித்தேன். தூக்குவாளி அப்படியே மூடி திறக்காமல் அவர்கள் போன காரில் இருந்ததாம். அதையும் போட்டிருந்தார்கள்.

தண்ணீர் குடியுங்கள் தம்பி. என்னிடம் பாட்டில் இருக்கிறது. வேண்டாமா? சரி.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் பக்கத்திலிருந்து போன ஒரே ஆள் நான்தான். தாய்மாமன் இல்லையா, போகாமல் இருக்க முடியுமா? அதற்கும் ஊரில் என்னைப் பேசினார்கள்.

பிணவறைக்கு எதிரே வேப்பமரம் ஒன்று. அதன் அடியில் நாகஜோதி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. பெண் குழந்தை, அவளை உரித்துவைத்த மாதிரி. பக்கத்தில் மதிவாணனுடைய அக்கா. என்னைப் பார்த்ததும் ஜோதி எழுந்து நின்றாள். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மாமா, நீங்க படிச்சீங்களா?" என்றாள்.

"படிச்சேன் பாப்பா."

"எப்போ?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"வீடு வரைக்கும் வந்தீங்களா?"

"தெரு முனை வரைக்கும் வந்தேன். வண்டியில லோடு இருந்துச்சு."

என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"ஒங்களுக்குத்தான் மாமா எழுதுனேன். அவரு வேணாம்னாரு. நம்ம எடத்தக் காட்டிக் கொடுத்துரும் ஜோதின்னாரு. நாந்தான் அடம் புடிச்சேன். அந்தச் சாமி பேரு ரோட்டுல எங்க மாமா ஒருத்தருக்குத்தான் கண்ணுல படும், படிச்சா வந்து கதவத் தட்டுவாரு, வேற ஆருகிட்டயும் மூச்சு விட மாட்டாருன்னேன். கொழந்தைக்குக் காது குத்தணும்னா தாய்மாமன் எடத்துல ஒங்க மடிதான மாமா வேணும்? அதுக்குத்தான் எழுதுனேன்."

சொல்லிவிட்டுக் குழந்தையை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

பார்த்தீர்களா? அவளே சொல்லிவிட்டாள். எனக்குத்தான் எழுதினாள். நான் படித்தது சரிதான். வேறு யார் வண்டிக்குப் பின்னாலோ தப்பாகப் போய், யாரையோ காட்டிக்கொடுத்துவிடவில்லை. இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? எழுதினவள் எழுதினாள், படித்தவன் படித்தான், வெட்டினவன் வெட்டினான். போலீஸ் என்னை ஏன் இழுக்க வேண்டும்?

ஆனால் அவள் அதை அப்படியே போலீஸில் சொல்லிவிட்டாள். அந்தப் பெயரை வைத்து எங்களை அடையாளம் காணத் தெரிந்தவர் எங்கள் மாமா ஒருவர்தான் என்று. அதிலிருந்து நான் சாட்சி. மச்சானும் யுகேந்திரனும் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை, எங்களுக்கு அவள் இருக்கிற இடமே தெரியாது என்கிறார்கள். பார்த்தவர்கள் இரண்டு பேர் முன்னமே பின்வாங்கிவிட்டார்கள், முகம் தெரியவில்லை என்று. காதுகுத்துப் பந்தியில் கேட்டவர்கள் ஒருவருக்கும் காது கேட்கவில்லையாம். இடம் இவர்களுக்குத் தெரியும், இன்ன வண்டி என்று தெரியும் என்பதற்கு என் வாய் ஒன்றுதான் மிச்சம்.

அக்கா வந்து என் காலில் விழுந்தாள். என்னைத் தூக்கி வளர்த்தவள். "ஒரு வீட்டுல ரெண்டு ஆம்பளையும் உள்ள கெடந்தா நான் என்னடா செய்வேன்? போனவன் போயிட்டான். இருக்கவங்களக் காப்பாத்து" என்றாள். "அக்கா, ஜோதியும் உன் பொண்ணுதானே" என்றேன். முந்தானையிலிருந்து அந்தக் கொலுசை அவிழ்த்து என் கையில் வைத்து அழுத்தினாள். "கோர்ட்டுல பாத்தா குடுத்துரு" என்றாள். அதுவும் இப்போது என் பையில்தான் இருக்கிறது. எப்படிக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, ஒன்றும் தெரியவில்லை. நான் சொல்வதற்கு முன்னாலா, பின்னாலா?

நாகஜோதி ஒரு தடவை போன் செய்தாள். "மாமா, நடந்ததச் சொல்லுங்க. கூடவும் வேணாம், கொறச்சலும் வேணாம். படிச்சது, சொன்னது. அது போதும்" என்றாள். நான், "சாப்டியா பாப்பா" என்றேன். வைத்துவிட்டாள்.

மச்சானுடைய வக்கீல் நல்ல மனுஷர். என்னை உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்துப் பேசினார். முதலில் உங்கள் வண்டியில் இருக்கிற ஸ்டிக்கரை எடுத்துவிடுங்கள் என்றார். பிளேடு வைத்துச் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். முப்பது வருஷத்தில் எத்தனையோ வண்டி மாற்றினேன், அந்தப் பெயரை மாற்றினதில்லை. குலசாமி கோபிக்காது. கல்லில் குடியிருக்கிற சாமிக்குக் கண்ணாடி எதற்கு? இருந்தாலும் நெற்றி வெறிச்சென்று இருக்கிறது. இன்றைக்கு அந்த வண்டியில் வரவில்லை. நாகஜோதி கோர்ட் வாசலில் நிற்பாள், வந்து இறங்கும்போது பார்ப்பாள். அதற்காக இல்லை. லோடு இல்லாமல் காலி வண்டியை எதற்கு ஓட்டிக்கொண்டு வர வேண்டும்?

நிறுத்தம் வந்துவிட்டது போல. அந்தத் துணிப்பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். பார்த்து, உள்ளே அந்தக் கொலுசு இருக்கிறது.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நாலு நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பெண்டாட்டியிடம் சொல்லிக் காட்டினால் அவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். நீங்கள் அந்நியர், உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன், கேளுங்கள். அரசு வக்கீல் கேட்பார்: 'காங்கேயம் ரோட்டில் உங்களுக்கு முன்னால் போன காரின் பின் கண்ணாடியில் என்ன எழுதியிருந்தது?' நான் நேராக நிற்க வேண்டும். நாகஜோதி பக்கம் திரும்பக் கூடாது, அதை மச்சானுடைய வக்கீல் இரண்டு தடவை சொன்னார். நீதிபதியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"ஐயா, நான் வண்டி ஓட்டுறவன். முன்னால போற வண்டி பிரேக் போடுதான்னுதான் பாப்பேன். கண்ணாடியில எழுதியிருக்கறதையெல்லாம் யாருங்க ஐயா படிக்கிறாங்க?"

எப்படி இருக்கிறது தம்பி? கேட்டால் நம்புகிற மாதிரி இருக்கிறதா?